நாற்பத்தொரு சங்கங்களின் தலைவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் ஓட்டை போடும் மெஷினோடு வந்து என் கதவில் பெயர்ப்பலகை அடிக்க ஆரம்பித்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உள்ளே மோட்டாருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஒழுகும் பைப்புக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். கதவு கிடுகிடுவென்று ஆடி, ஒரு திருகாணியின் முனை உள்பக்கம் எட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன்.

"யாருப்பா நீ? எவன் வீட்டுக் கதவுன்னு நெனச்சே?"

"அட்ரஸ் சரிதான் பெருசு," என்றான் மெஷின் பிடித்தவன். "பம்ப் ரூம், தரைத்தளம். மொத்தம் நாப்பத்தொண்ணு. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். தள்ளி நில்லு, தூசி கண்ணுல விழும்."

எங்கள் கட்டடத்தில் நாலு மாடி, மாடிக்கு ஆறு வீடு. தண்ணீர் ஏற்றுவது, படி கூட்டுவது, கேட் பூட்டுவது எல்லாம் நான். மாடிப்படிக்குக் கீழே பத்துக்கு எட்டு அடியில் ஒரு பம்ப் ரூம். பாதி மோட்டாருக்கு, பாதி எனக்கும் என் வீட்டுக்காரிக்கும். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறோம். மோட்டார் ஓடினால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. சண்டை முற்றும்போது நான் சுவிட்சைப் போட்டுவிடுவேன். மேலே டேங்க் நிரம்பி வழிந்தால், கீழே சண்டை என்று நாலாம் மாடி வரைக்கும் தெரியும்.

பலகை எல்லாம் பித்தளை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 'நடுத்தர மக்கள் விழிப்புணர்வுக் கழகம்.' 'தாய்மார் குரல்.' 'இளைஞர் எழுச்சி மன்றம்.' 'சுத்தமான காற்றின் நண்பர்கள்.' 'வாடகைக் குடியிருப்போர் விடுதலைப் பேரவை.' கடைசியில் ஒன்று, 'நேர்மை.' வெறும் நேர்மை, பின்னால் கழகம்கூட இல்லை. முப்பதாவது பலகை அடித்தபோது பாரம் தாங்காமல் மேல் கீல் பிய்த்துக்கொண்டது. அவர்கள் கதவைச் சுவரில் சாய்த்து வைத்து மீதிப் பதினொன்றையும் அடித்துவிட்டுப் போனார்கள்.

"என்னங்க இது, ஊரையே கூட்டிக் கதவுல ஒட்ட வச்சிருக்கானுங்க," என்றாள் வீட்டுக்காரி. "இதை யாரு தூக்கிச் சாத்துறது? என் முட்டி இருக்கிற இருப்புல?"

மத்தியானம் ஒரு வக்கீல் வந்தான். முப்பது வயசு இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேதான் பேசினான். எதிராளியின் முகம் சரியாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே துடைக்கிறான் என்று எனக்குப் பட்டது.

"தலைவரே, வணக்கம்!"

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் மோட்டார்தான் இருந்தது.

"யாருக்குய்யா வணக்கம்?"

"உங்களுக்குத்தாங்க. நாப்பத்தொரு சங்கத்துக்கும் நீங்கதான் தலைவர்."

"எப்போலேர்ந்து?"

"ஆறு மாசமா ஆகிட்டு வர்றீங்க," என்று ஒரு காகிதக் கட்டைப் பிரித்துக் காட்டினான். நாற்பத்தொரு தாள். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.

அது எப்படி வந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் லிப்ட் நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. தபால்காரருக்கு மூச்சு வாங்கும். அதனால் எந்த வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தாலும் கீழே நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பேன். நான் சொந்த மருமகன் நீட்டிய தாளிலேயே மூன்று பேரைப் படிக்கவைத்துக் கேட்டும் கையெழுத்துப் போடாதவன். பேங்கில் போட மாட்டேன், கூட்டுறவுக் கடையில் போட மாட்டேன். ஆனால் தபால் சீட்டை யார் படிக்கிறார்கள்? மழை நேரத்தில் பத்துத் தாளை நீட்டினால் பத்திலும் போட்டுவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போய்விடுவேன். அந்தப் பழக்கத்தை எவனோ ஆறு மாசம் நின்று பார்த்து, தபால் சீட்டுக்கு நடுவே சங்கத் தாளையும் சொருகியிருக்கிறான்.

"நான் எதுக்குய்யா உங்களுக்கு?"

"தேர்தல்ல செலவு பண்ற சங்கத்துக்குச் சட்டப்படி ஒரு தலைவர் வேணும். பத்து வருஷம் ஒரே இடத்துல குடியிருந்திருக்கணும், மேல ஒரு கேஸும் இருக்கக் கூடாது. எங்க முதலாளி வட்டாரத்துல தேடிப் பார்த்தோம். அப்படி ஒருத்தரும் அகப்படல."

"முதலாளி யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னுதானே இத்தனை சங்கம்."

அவன் சொல்லாவிட்டால் என்ன. ஊரில் அந்த ஆளுக்கு சிமெண்ட் என்றுதான் பெயர். சிமெண்ட் ஆலை, டிவி, ஆஸ்பத்திரி, விமானம் எல்லாம் அவருக்கு உண்டு. தெருவுக்கு வந்தால் கார் கண்ணாடியை இறக்காமல் கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

"சம்பளம் உண்டா?"

"கௌரவப் பதவிங்க."

"அப்போ எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ."

"அது முடியாதுங்க. பதிவுக்குக் கெடு முடிஞ்சு போச்சு, வேற ஆள் போட முடியாது. தேர்தல் வரைக்கும் நீங்கதான். உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. உயிரோட இருந்தா போதும்."

"அதையாவது ஒழுங்காச் செய்வாரு," என்றாள் வீட்டுக்காரி.

வியாழக்கிழமை காலை மூன்றாம் மாடி டீச்சர் பேப்பரோடு இறங்கி வந்தார். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

"நின்னு கேளுங்க," என்று முதல் பக்கத்தை விரித்துப் படித்தார். "'இந்தத் தெருவின் பழைய கட்டடங்கள் மக்கள் உயிருக்கு ஆபத்து. அவற்றை உடனே இடிக்க வேண்டும் என்று நாற்பத்தொரு மக்கள் அமைப்புகள் ஒரே குரலில் கோருகின்றன.' கீழ யாரு பேரு போட்டிருக்கு, பாருங்க."

கீழே என் பெயர் இருந்தது. நாற்பத்தொரு தடவை.

தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சின்னம் குடை, இன்னொரு அம்மாவின் சின்னம் ஏணி. என் சங்கங்களில் இருபது குடைக்குச் செலவு செய்கிறது, இருபது ஏணிக்குச் செலவு செய்கிறது, நேர்மை என்ற ஒன்று மட்டும் இரண்டு பேரையும் திட்டுவதற்குச் செலவு செய்கிறது என்று டீச்சர் விளக்கினார்.

"மூணும் ஒரே பையிலிருந்தா?"

"ஒரே பை. குடைக்கும் ஏணிக்கும் எதுலயாவது ஒத்துப் போயிருக்கா? பஸ்ஸுக்கு என்ன பெயிண்ட்டுங்கிறதுலயே அடிச்சுக்கிறாங்க. ஆனா இந்தத் தெருவை இடிக்கிறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வாய். கேட்டா மக்கள் கேட்கிறாங்கங்கிறாங்க. அந்த மக்கள் நீங்கதான்."

கொஞ்ச நேரத்தில் படியெல்லாம் ஆள். எங்கள் கட்டடத்தில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் இரண்டாம் மாடி இடதுபக்கத்து இன்சூரன்ஸ்காரர். வீட்டுக்குள்கூட மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருக்கும் மனுஷன்.

"பெரியவரே, உங்களை நம்பித்தானே கேட் சாவியைக் கொடுத்தோம்? இப்படி அடிமடியிலயே கை வைக்கிறீங்களே!"

"யோவ், என் வீடும் இதுதான்யா. என் வீட்டை நானே இடிக்கச் சொல்வேனா? மூளை இருக்கா உங்களுக்கு?"

"அப்போ பேப்பர்ல உங்க பேரு?"

ஒரு பதிலை யோசிக்கும் முன்பே நாலாம் மாடிக்காரி ஒருத்தி தன் மகனுக்கு எந்தச் சங்கத்திலாவது வேலை போட்டுத்தர முடியுமா என்று கேட்டாள்.

இடித்தால் மேலே இருப்பவர்களுக்கு ஏதோ நஷ்டஈடு என்று கொடுப்பார்கள். பம்ப் ரூமுக்குக் கிடையாது. அரசாங்கக் காகிதத்தில் அது ரூமே இல்லை, மோட்டார் வைக்கும் இடம். கொடுத்தால் மோட்டாருக்குக் கொடுப்பார்கள். மகள் வீட்டுக்குப் போகலாமென்றால், அவளே மாமியார், நாத்தனார், நாலு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். வீட்டுக்காரியால் பத்துப் படி ஏற முடியாது. தரையோடு தரையாக இப்படி ஓர் இடம் எந்த ஊரில் கிடைக்கும்? அன்றைக்கு மோட்டாரைப் போடாமலேயே இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

சனிக்கிழமை குடைக்காரர் என்னைப் பார்க்க வந்தார். கூடவே பதினைந்து பேர். அறைக்குள் இரண்டு பேர்தான் நிற்கலாம் என்பதால் அவரும் ஒரு மாலையும் உள்ளே வந்தார்கள்.

"தலைவரே, உங்க தாய்மார் குரல் ரொம்பப் பிரமாதமா வேலை செய்யுது."

"தாயாருங்க யாரையும் நான் பார்க்கல. நான் ஒண்ணு கேட்கிறேன், நேராப் பதில் சொல்லுங்க. இந்தக் கட்டடத்தை இடிக்காம விட முடியுமா?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "இடிக்கச் சொன்னதே நீங்கதானே தலைவரே!"

"இப்போ வேண்டாங்கிறேன்."

"அது எப்படிங்க? மக்கள் குரலை மீறி நான் ஒரு அடி எடுத்து வைக்க முடியுமா?"

"அந்த மக்கள் நான்தான்யா!"

"நீங்க ஒரு ஆளு. மக்கள் நாப்பத்தொண்ணு," என்றார், ரொம்ப வருத்தத்தோடு.

அந்த நேரம் பார்த்து வெளியே ஏணிக்காரம்மாவின் கார் வந்து நின்றது. இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பதைப் பேப்பர்காரன் எவனாவது படம் எடுத்துவிடுவான் என்று குடைக்காரர் பதறிப்போய் மோட்டாருக்குப் பின்னால் புகுந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா உள்ளே வந்து, இளைஞர் எழுச்சி மன்றத்துக்காக என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நானும் அதே கேள்வியைக் கேட்டேன். வார்த்தை மாறாமல் அதே பதிலைச் சொன்னார்.

"இதையேதாம்மா உள்ளே இருக்கிறவரும் சொன்னாரு," என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். மோட்டாருக்குப் பின்னாலிருந்து குடைக்காரர் கைகூப்பினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள். போகும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் என் கதவைத் தூக்கிச் சாத்திவிட்டுப் போனார்கள்.

"இப்போ என்ன பண்றதா உத்தேசம்?" என்றாள் வீட்டுக்காரி.

"போலீஸ்ல புகார் கொடுக்கிறேன்."

"யாரு மேல? அவனுங்க பேரு எதுலயாவது இருக்கா? உங்க பேருதான் நாப்பத்தொரு எடத்துல இருக்கு. உங்க மேலயே கொடுங்க. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் குறை சொல்றீங்க, உங்களையும் ஒரு தடவை சொன்னா என்ன கெட்டுப்போச்சு?"

எரிச்சலில் சொன்னாள். ஆனால் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமை சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு தேர்தல் முறைகேடு விசாரணை அலுவலகத்துக்குப் போனேன்.

மூன்று பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. ஒரு பழைய கோடவுனின் மாடி. ஒரு மேஜை, ஒரு அதிகாரி, ஒரு காற்றாடி. அதிகாரி பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்த பென்சில்கள் ஒரு டப்பா நிறைய நின்றன.

"என்ன வேணும்?"

"புகார் கொடுக்கணும்."

அவர் சீவுவதை நிறுத்தினார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நான் இந்த நாற்காலிக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. நீங்கதான் முதல் ஆள்," என்று எழுந்து எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒரு தாளை எடுத்து தூசி தட்டினார். "புகார் கொடுக்கிறவர்?"

"நான்."

"யார் மேல?"

"என் மேல."

"என்ன குற்றம்?"

"நாப்பத்தொரு பொய்ச் சங்கம். நான்தான் எல்லாத்துக்கும் தலைவர். ஒருத்தர் காசை நாப்பத்தொரு ஆள் காசு மாதிரி காட்டுறோம்."

"சாட்சி?"

"வீட்டுக்காரி. என்னைப் பத்தி என்ன கேட்டாலும் சொல்லுவா."

அவர் கண்கலங்கிவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கும் அப்போது நம்பிக்கை வரவில்லை, காற்றாடித் தூசியோ என்று பார்த்தேன். முத்திரையை எடுத்து மூன்று தாளில் குத்தினார். பிறகு விதிப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்: விசாரணை முடியும்வரை, சம்பந்தப்பட்ட சங்கத்தின் அலுவலகத்தில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது. அசைத்தால் ஆதாரத்தை அழித்த குற்றம்.

"அப்போ கட்டடத்தை இடிக்க முடியாது?"

"அலுவலகத்தை இடிக்க முடியாது. உங்க அலுவலகம் பம்ப் ரூம். மேல இருக்கிற வீடுங்க மேல புகார் இல்லையே."

"மேல இடிச்சா கீழ விழாதா?"

"விழாம இடிக்கணும்," என்றார். பக்கத்தைப் புரட்டிவிட்டு, "சங்கத்துக்குக் கிளை இருந்தா அதுக்கும் இதே விதி பொருந்தும். தலைவர் ஒரு செயலாளரைப் போட்டு, அந்த வாசல்ல சங்கத்துப் பலகையை மாட்டினா அது கிளை. இதை நான் உங்ககிட்ட யோசனையாச் சொல்லல. புத்தகத்துல இருக்கிறதைப் படிச்சேன்."

அன்று சாயங்காலமே எல்லோரையும் படியில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. "எல்லாரும் குற்றவாளி ஆயிடுங்க. வீடு நிக்கும்," என்றேன்.

முதலில் டீச்சர், "எனக்கு இளைஞர் எழுச்சி மன்றம்," என்று கையைத் தூக்கினார். அதற்கப்புறம் ஒரே தள்ளுமுள்ளு. எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாலாம் மாடி அண்ணன் தம்பி இரண்டு பேரும் 'குடும்ப ஒற்றுமை இயக்க'த்துக்காகச் சண்டை போட்டார்கள். சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காத முதல் மாடிக்காரர் 'சுத்தமான காற்றின் நண்பர்க'ளை வாங்கிக்கொண்டார். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிப்டுக்கு 'விரைவு வளர்ச்சி மன்ற'த்தை மாட்டினோம். நான் ஸ்குரூடிரைவரால் கழற்றக் கழற்ற, வீட்டுக்காரி துடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கையெழுத்து போட்டுப் போட்டு என் விரல் மரத்துவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் டீச்சர் படித்துக் காட்டிய பிறகுதான் போட்டேன்.

இன்சூரன்ஸ்காரர் மட்டும் கடைசிப் படியில் நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க எதை எடுத்துக்கிறீங்க?"

"நான் மரியாதையா வாழ்றவன் பெரியவரே. என் பரம்பரையில யாரும் விசாரணைன்னு ஒரு வாசல்ல நின்னதில்ல. எனக்கு எதுவும் வேண்டாம்."

"வீடு போயிடும்யா!"

"சுத்தி எல்லா வீடும் நிக்கும்போது என் வீட்டை மட்டும் என்ன பண்ணிட முடியும்? அதெல்லாம் நான் கணக்குப் போட்டுட்டேன்," என்று மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி வக்கீல் வந்தான். படியெங்கும் பித்தளை மின்னுவதைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்து நின்றான்.

"தலைவரே, சார் மனசு ரொம்பக் கஷ்டப்படுறார். உங்களை அவர் அண்ணன் மாதிரி நெனச்சிருந்தார்."

"என்னை எப்போ பார்த்தாராம்?"

"பார்க்காமலே. புது டவர்ல நாப்பதாவது மாடியில உங்களுக்கு ஒரு வீடு தரச் சொல்லியிருக்கார். இந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கிட்டா போதும்."

"நாப்பதாவது மாடிக்குத் தண்ணி யாரு ஏத்துவா?"

"அதுக்கெல்லாம் மெஷின் இருக்குங்க."

"மெஷின் நின்னா?"

"ஆளு இருக்கு."

"அவன் எங்கே குடியிருப்பான்?"

அவன் யோசித்தான். அவர்கள் போட்ட வரைபடத்தில் அந்த ஆளுக்கு இடமே இல்லை போலிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

தேர்தல் நடந்தது. ஏணிக்காரம்மா ஜெயித்தார். குடைக்காரர் மாலை போட்டார். டிவியில் இரண்டு பேரும் நாற்பத்தொரு மக்கள் அமைப்புகளுக்கு நன்றி சொன்னார்கள். முதல் வாரத்திலேயே எங்கள் தெருவை இடிக்கும் உத்தரவு வந்தது. எதிர்வரிசை மூன்றே நாளில் தரைமட்டம். நாலாவது நாள் காலை பெரிய இரும்புக்கை வைத்த மெஷின் எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு காண்ட்ராக்டர், கையில் தாளும் அளவு டேப்பும்.

"இருபத்தி மூணு பிளாட், பம்ப் ரூம், லிப்ட் எல்லாம் விசாரணையில இருக்கு," என்று படித்தார். "விசாரணையில இல்லாதது இரண்டாம் மாடி இடதுபக்கம் மட்டும். ஆகவே இரண்டாம் மாடி இடதுபக்கத்தை மட்டும் இடிக்கவும்."

"அதுக்கு மேல ரெண்டு மாடி இருக்கேய்யா," என்றேன்.

"இருக்கு. அதைத் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அப்புறம் எப்படி எடுப்பே?"

"அலமாரியிலேர்ந்து ஒரு டிராயரை உருவுற மாதிரின்னு எஞ்சினியர் எழுதிக் கொடுத்திருக்கார். நான் என்ன பண்ணட்டும் பெரியவரே, எனக்கு உத்தரவு." காண்ட்ராக்டர் டேப்பை விரித்து, கீழேயிருந்து உயரம் அளந்து, சுவரில் சாக்பீஸால் ஒரு பெரிய சதுரம் போடச் சொன்னார். ஏணி வைத்து ஒருவன் ஏறிப் போட்டான். அந்தச் சதுரத்துக்குள் இன்சூரன்ஸ்காரருடைய ஜன்னல் இருந்தது, ஜன்னலில் அவர் முகம் இருந்தது.

மெஷின் உறுமியது. இரும்புக்கை மெதுவாக மேலே எழுந்தது. அடுத்த நிமிஷம் இன்சூரன்ஸ்காரர் படியில் இறங்கி ஓடி வந்தார். சட்டையில் ஒரு பொத்தான்கூடப் போடவில்லை.

"பெரியவரே! என்னையும் குற்றவாளி ஆக்குங்க! சீக்கிரம் ஆக்குங்க!"

"உங்க பரம்பரை?"

"பரம்பரையை விடுங்க, பீரோ உள்ளே இருக்கு!"

டீச்சர் தாளோடு தயாராக நின்றார். அவருக்கு இது முன்பே தெரியும் போல. இன்சூரன்ஸ்காரர் என் முதுகில் தாளை வைத்துச் செயலாளராகக் கையெழுத்துப் போட்டார், நான் அவர் முதுகில் வைத்துத் தலைவராகப் போட்டேன். பலகை ஒன்று வேண்டுமே என்று உள்ளே ஓடினேன். நல்லதையெல்லாம் ஆள் ஆளுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதியில் கைக்குக் கிடைத்தது 'நேர்மை'தான். அதை யாரும் சீண்டவில்லை.

"பலகை வாசல்ல இருக்கணும்," என்றார் காண்ட்ராக்டர், தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு. "கீழே வச்சுக் காட்டினா செல்லாது."

இன்சூரன்ஸ்காரர் பலகையைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினார். ஓட்டை போட மெஷின் இல்லை. ஆணி அடிக்கச் சுத்தியல் தேடினால் அதுவும் கிடைக்கவில்லை. மனுஷன் 'நேர்மை'யை இரண்டு கையாலும் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். காண்ட்ராக்டர் மேலே போய்ப் பார்த்தார். கையால் பிடிக்கக் கூடாது என்று உத்தரவில் எங்கும் போடவில்லை. மேலிடத்துக்குப் போன் போட்டார், அவர்கள் அவர்களுக்கு மேலிடத்துக்குப் போட்டார்கள். சாயங்காலம் மெஷின் திரும்பிப் போகும்வரை இன்சூரன்ஸ்காரர் கையை எடுக்கவில்லை. அவர் சம்சாரம் வாயில் ஊட்டிவிட்டாள்.

இப்போது எங்கள் தெருவில் எங்கள் கட்டடம் ஒன்றுதான் நிற்கிறது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. மாசா மாசம் முதல் தேதி நான் விசாரணைக்குப் போகிறேன். முதல் தடவை கிளம்பும்போதே டீச்சர் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "ஆமாம்னு ஒத்துக்கிட்டீங்கன்னா தீர்ப்புச் சொல்லி விசாரணையை முடிச்சிடுவாங்க. இல்லவே இல்லைன்னு சாதிச்சாலும் முடிச்சிடுவாங்க. முடிஞ்ச மறுநாள் மெஷின் வரும். ரெண்டுல எதையும் சொல்லிடாதீங்க."

"அப்போ என்னத்தைத்தான் சொல்றது? எனக்கு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னுதான் பேச வரும்."

"டிவி பாருங்க," என்றார் டீச்சர். "குடையும் ஏணியும் பேசுறதை ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்க."

பார்த்தேன். எழுபத்தொரு வயசில் பாடம் படித்தேன். வீட்டுக்காரி கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்லிப் பழகுவேன். முதல் இரண்டு நாள் வாயில் வரவில்லை, குமட்டியது. மூன்றாம் நாள் கொஞ்சம் இளகியது.

போன மாச விசாரணை இப்படிப் போயிற்று.

"நீங்கதான் அந்த நாப்பத்தொரு சங்கத்துக்கும் தலைவரா?" என்று கேட்டார் அதிகாரி.

"தலைமைங்கிறதை நான் ஒரு சேவையாத்தான் பார்க்கிறேன்."

"பணம் எங்கேர்ந்து வந்தது?"

"நல்ல கேள்வி. மக்கள் மனசுல இருக்கிற கேள்வி. அதை எல்லாக் கோணத்துலயும் பார்க்கணும்."

"ஒருத்தர்கிட்டேர்ந்துதான் வந்ததுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே?"

"அன்னைக்கு இருந்த சூழ்நிலை வேற."

அதிகாரி ஒவ்வொன்றையும் புதுப் பென்சிலால் எழுதிக்கொண்டார். அவருக்கும் இருப்பது இந்த ஒரே கேஸ்தான். அடுத்த மாசம் முதல் தேதி என்று சந்தோஷமாகச் சீட்டு கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் கண்ணாடி வக்கீல் காத்துக்கொண்டிருந்தான்.

"தலைவரே, நீங்க பேசினதை முழுக்கக் கேட்டோம். சார் அசந்து போயிட்டார். இப்படி ஒரு ஆளைத்தான் இத்தனை வருஷமாத் தேடிட்டிருந்தாராம். அடுத்த தேர்தல்ல நீங்களே நிக்கணும். செலவெல்லாம் சார் பார்த்துக்குவார். என்ன சொல்றீங்க?"

"என் மேல வச்சிருக்கிற நம்பிக்கைக்கு நன்றி," என்றேன். "உரிய நேரத்துல உரிய முடிவை எடுப்பேன்."

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகுதான், அவனிடம் போடா என்று சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். அவன் கார் போய்விட்டிருந்தது. இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். ஆனால் நாலு மணிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், மேலே இருபத்து நாலு வீடு காத்துக்கொண்டிருக்கும்.